டோக்கியோவில் குடியிருப்போருக்கு: தெருமுனை சோபா நூடுல்ஸ் கடை முதல் கோயசான் வரை

டோக்கியோவில் வேலை நிமித்தம் குடியேறியவருக்குச் சுற்றுலாப் பயணியிடம் இல்லாத ஒரு வசதி உண்டு: அவசரம் கிடையாது. சுற்றுலா வந்தவர் பத்து நாளில் கியோட்டோ, ஒசாகா, ஃபூஜி மலை எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். குடியிருப்பவர் ஒரே கடைக்கு வாரந்தோறும் போகலாம், ஒரே ஊரைப் பூக்காலத்தில் ஒரு முறையும் இலையுதிர்காலத்தில் ஒரு முறையும் பார்க்கலாம். ஆனால் இந்த வசதியே சோம்பலுக்கும் காரணமாகிறது. எதோகவா வட்டாரத்தின் நிஷி-கசாய் போன்ற பகுதிகளில் இந்திய மளிகையும் இந்திய உணவகங்களும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஆகவே பக்கத்துச் சந்திலுள்ள உடோன் நூடுல்ஸ் கடையின் துணித்திரையை ஒரு தடவைகூட விலக்கிப் பார்க்காமல் ஆண்டுகள் கழிந்துவிடுவது எளிது. இந்த அத்தியாயம் அந்தத் திரையை விலக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறது.

எந்த வரிசையில் தொடங்குவது

1. முதல் மாதம்: வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய கடைகள், ‘ஷோட்டென்காய்’ எனப்படும் கடைத்தெரு, அருகிலுள்ள கோயில், பொதுக் குளியலகம்.
2. அடுத்த சில மாதங்கள்: ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர்கள். காலையில் போய் மாலையில் திரும்புவது.
3. அதன் பிறகு: ஓர் இரவு தங்கும் பயணங்கள். நிக்கோ, ஹக்கோனே இதற்கு ஏற்றவை.
4. கடைசியாக: கோயசான், கியூஷூ, ஹொக்கைடோ போன்ற தொலைவிடங்கள்.

பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். வந்து சேர்ந்த முதல் நீண்ட விடுமுறையிலேயே கியோட்டோவுக்கு முன்பதிவு செய்கிறார்கள். சாப்பாட்டுப் பட்டியலில் ஓர் எழுத்தும் தெரியாது, கேட்க நாலு சொல்லும் கைவசம் இருக்காது. மூன்று நாளும் பொட்டலச் சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தின்றுவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டருகே பழகிக்கொண்டு போனால் அதே கியோட்டோ இரு மடங்கு இனிக்கும்.

கொன்பினியில் முதல் பயிற்சி

இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் ‘கொன்பினி’ கடைகளே உள்ளூர் உணவுக்கு முதல் வாசல். விலை ஒட்டப்பட்டிருக்கும், யாரிடமும் பேச வேண்டியதில்லை, பிடிக்காவிட்டாலும் நட்டம் சில நூறு யென்தான். தொடங்க ஏற்றது ஒனிகிரி. முக்கோணமாகப் பிடித்த சோற்று உருண்டையைக் கடற்பாசித் தாளில் பொதிந்து விற்பார்கள். பாசித் தாள் சோற்றில் பட்டு நமத்துப் போகாதபடி இடையில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று இருக்கும். உறையைக் கிழிக்கும் முறை தெரியாதவர்கள் பாசித் தாளையும் சேர்த்துக் கிழித்துவிடுகிறார்கள். உறையில் 1, 2, 3 என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரிசையில்தான் பிரிக்க வேண்டும்.

1. உச்சியிலுள்ள நாடாவைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து, பின்பக்கமும் சுற்றி முழுதாக எடுத்துவிட வேண்டும். உறை இரு பாதியாகும்.
2. ஒரு பக்க மூலையைப் பிடித்து மெதுவாக வெளியே உருவ வேண்டும்.
3. மறுபக்க மூலையையும் அவ்வாறே உருவினால், பாசித் தாள் மொறுமொறுப்பாகச் சோற்றைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

உமெபோஷி எனப்படும் உப்பிலிட்ட புளிப்புப் பழம் வைத்த ஒனிகிரி ஊறுகாய்ச் சோற்றுக்குப் பழகிய நாக்குக்கு உடனே ஒத்துப்போகும். உப்பு மட்டும் சேர்த்த உருண்டையும் கிடைக்கும். எதுவானாலும் பின்பக்கச் சேர்மானப் பட்டியலைத் தொலைபேசி கேமராவின் மொழிபெயர்ப்பு வசதியில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சீட்டு இயந்திரம் உள்ள கடைகள்

சோபா, உடோன், ராமென் என்ற நூடுல்ஸ் வகைகளும் மாட்டிறைச்சிச் சோறும் விற்கும் கடைகள் பலவற்றில் வாசலிலேயே சீட்டு இயந்திரம் நிற்கும். மொழி தெரியாதவர் அதைக் கண்டு திரும்பிப் போவது வழக்கம். உண்மையில் பேசத் தெரியாதவருக்கு அதைவிட வசதியானது இல்லை.

1. முதலில் வெளியிலுள்ள கண்ணாடிப் பெட்டியில் மாதிரி உணவுகளையோ படங்களையோ பார்த்து, வேண்டியதின் பெயரையும் விலையையும் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.
2. பழைய இயந்திரங்களில் பணத்தை முதலில் போட வேண்டும். பிறகுதான் பொத்தான்கள் ஒளிரும். பல கடைகளில் பெரிய நோட்டுகளை இயந்திரம் ஏற்காது. ஆயிரம் யென் நோட்டுகள் கைவசம் இருக்கட்டும்.
3. பெயரையும் விலையையும் படத்தோடு ஒப்பிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். மேல் வரிசையின் இடது மூலையில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடையின் முதன்மைப் பண்டம்.
4. மீதிச் சில்லறை தானாக விழாவிட்டால் அதற்கான நெம்புகோலைத் திருப்ப வேண்டும்.
5. சீட்டை மேடைமேல் வைத்தால் போதும். சோபாவானால் சூடாகவா குளிர்ச்சியாகவா என்று கேட்பார்கள். குளிர்ச்சி என்றால் ‘ட்சுமெதாய்’.
6. உண்டு முடித்ததும் கிண்ணத்தைத் திரும்ப வைக்குமிடம் இருந்தால் அங்கே கொண்டுபோய் வைத்து, ‘கொச்சிசோசமா’ என்று சொல்லிவிட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். பின்னால் ஆள் காத்திருக்கும்போது உட்கார்ந்து பேசுவது இக்கடைகளில் பெரிய தவறு.

இரண்டு பேர் போய் ஒரு கிண்ணம் வாங்கிப் பகிர்ந்து உண்பதும் இங்கே ஆகாது. சிறு கடைகளில் இருக்கைக்கு ஒரு பண்டம் என்பது எழுதப்படாத விதி. குழந்தைகளோடு பகிர்ந்து சாப்பிட விரும்பும் குடும்பங்கள் ‘ஃபமிரெஸ்’ எனப்படும் குடும்ப உணவகங்களுக்குப் போகலாம். அங்கே குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு, நேரமும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

குறிப்பு: ஒரு நல்ல கடையை முதன்முதலில் முயல மதிய வேளையே சிறந்தது. இரவில் பல ஆயிரம் யென் வாங்கும் கடையும் மதியத்தில் ‘தெய்ஷோக்கு’ என்ற முழுச் சாப்பாட்டை ஆயிரம் யென்னை ஒட்டிய விலையில் தருவதுண்டு. சோறு, மிசோ சூப், ஊறுகாய், ஒரு முதன்மைப் பண்டம் எல்லாம் ஒரே தட்டில் வரும். பல கடைகள் மதியம் இரண்டரை மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியது: தாஷி

சைவ உணவினருக்கு ஜப்பானில் கண்ணுக்குத் தெரியும் மீனைவிடத் தெரியாத மீனே சிக்கல். நம் குழம்புக்குப் புளிக்கரைசல் எப்படியோ, ஜப்பானியச் சமையலுக்குத் தாஷி என்ற வடிநீர் அப்படி. அதில் தொடங்காத பண்டம் குறைவு. பெரும்பாலும் அது ‘கட்சுவோபுஷி’யிலிருந்து, அதாவது புகையூட்டி உலர்த்திச் சீவிய சூரை மீனிலிருந்து எடுக்கப்படுகிறது. மிசோ சூப், சோபாவைத் தொட்டுண்ணும் சாறு, வேகவைத்த காய்கறி, இனாரி சுஷியின் இனிப்பு டோஃபு உறை, நொதித்த சோயா அவரையான நத்தோவுடன் வரும் சிறு பொட்டலச் சாறு ஆகிய எல்லாவற்றிலும் அது இருக்கக்கூடும். பெட்டியில் விற்கும் கறிக் கட்டிகளில் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருப்பதும் பரவலானது. ‘கொன்பு’ கடற்பாசியிலும் ஷீட்டாக்கே காளானிலும் எடுக்கும் தாஷியும் உண்டு, அதுதான் சைவம்.

எங்கே கோடு போடுவது என்பதை அவரவர் வீட்டை விட்டுக் கிளம்புமுன் முடிவு செய்துகொள்ள வேண்டும். தாஷி பரவாயில்லை, துண்டு மீன் கூடாது என்பவருக்கு ஏறக்குறைய எல்லாக் கடையும் திறந்திருக்கிறது. தாஷியும் கூடாது என்பவர் முன்கூட்டியே விசாரித்துப் போக வேண்டும். பரபரப்பான மதிய நேரத்தில் கடைக்காரரிடம் பேரம் பேசுவது இரு தரப்புக்கும் துன்பம்.

கேட்கும் முறை:

1. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. ‘நிக்கு’ என்ற சொல் இறைச்சியைக் குறித்தாலும், கோழியும் பன்றித் துண்டுகளும் அதில் சேராது என்று நினைப்பவர்கள் உண்டு. பன்றி இறைச்சித் துணுக்குகள் தூவிய ‘காய்கறி சாலட்’ மேசைக்கு வருவது இதனால்தான்.
2. இறைச்சி, கோழி, பன்றி, மீன், மீன் தாஷி, முட்டை என ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஜப்பானிய எழுத்தில் எழுதி, கூடாதவற்றைக் குறித்த அட்டை ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அலுவலகத்து ஜப்பானிய நண்பர் ஐந்து நிமிடத்தில் எழுதித் தருவார்.
3. அட்டையை உட்காருமுன் காட்ட வேண்டும். முடியாது என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போவதே மரியாதை.

வெள்ளரி வைத்த கப்பா மாக்கி சுஷி, உப்பிட்ட எடமாமே அவரை, சுட்ட சர்க்கரைவள்ளி, குளிர்ந்த டோஃபு ஆகியவை எங்கும் கிடைக்கும் துணைகள். டோஃபுவின் மேல் கட்சுவோபுஷி தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். மதுவும் பன்றியும் தவிர்ப்போர் வேறொன்றையும் பார்க்க வேண்டும்: சமையலில் சேரும் மிரின், சாக்கே இரண்டும் அரிசி மதுவகைகள்.

எச்சரிக்கை: சோபா செய்யப்படும் பக்வீட் தானியம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைத் தரும். இந்தியாவில் அதைத் தொட்டே பார்க்காதவருக்கு அது தமக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது தெரியாது. முதல் முறை கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பது அறிவுடைமை. ஒவ்வாமை உள்ளவர் சோபாக் கடையில் உடோனையும் தவிர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே கொதிநீரில் வேகவைக்கும் கடைகள் உண்டு. பொட்டல உணவுகளில் முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் ஆகியவற்றைக் குறிப்பிடுவது சட்டப்படி கட்டாயம். மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை.

மேசைப் பழக்கமும் பச்சை உணவும்

சாப்பாட்டுக் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். குச்சியிலிருந்து குச்சிக்குப் பண்டத்தைக் கைமாற்றவும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பெடுக்கும் சடங்கின் செயல் அது. மற்றத் தவறுகளை விருந்தோம்புவோர் சிரித்தபடி மன்னித்துவிடுவார்கள். அன்பளிப்புப் பணம் எங்கும் தேவையில்லை. மேசையில் விட்டுவந்தால் மறந்துபோனதாக நினைத்துத் துரத்திவந்து கொடுப்பார்கள். ‘இசகாயா’ மதுக்கடைகளில் கேட்காமலே ஒரு சிறு கிண்ணம் வரும். அது ‘ஒத்தோஷி’, அமர்வுக் கட்டணமாகச் சில நூறு யென் பில்லில் சேரும். ஏமாற்று என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

பச்சை மீன் உண்பவர் கடையில் உண்பதில் அஞ்ச வேண்டியது குறைவு. வீட்டில்தான் தவறு நேர்கிறது. ‘சஷிமி’க்கு உரியது என்று குறிக்கப்பட்ட மீனை மட்டுமே பச்சையாக உண்ண வேண்டும். மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் என்ற புழு வசாபியாலும் காடியாலும் சாகாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைய வைத்தாலோ நன்றாக வேகவைத்தாலோதான் சாகும். கோழியைப் பச்சையாகப் பரிமாறும் கடைகள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர் உண்கிறார் என்பதற்காக அதை முயலக் கூடாது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பச்சை முட்டையையும் தவிர்ப்பது நல்லது. ‘மோச்சி’ அரிசிக் களி தொண்டையில் அடைத்து முதியவர்கள் உயிரிழப்பது ஒவ்வொரு புத்தாண்டிலும் செய்தியாகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்குச் சிறு துண்டுகளாக நறுக்கியே கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் பயணங்கள்: மூன்று ஊர்கள்

கவகோயே: இக்கேபுக்குரோவிலிருந்து தோபு தோஜோ ரயிலில் சுமார் அரை மணி நேரம். 1893-ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு வணிகர்கள் தீப்பிடிக்காத தடித்த மண்சுவர்க் கட்டடங்களை எழுப்பினார்கள். அந்தக் கரிய கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெருவே ஊரின் அழகு. ஊரின் பண்டம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வறுவல், களி, ஐஸ்கிரீம் என எல்லா வடிவிலும் கிடைக்கும். ஆகவே சைவக் குடும்பங்கள் முதல் பயணமாக இதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மர மணிக்கூண்டு ஒரு நாளில் நான்கு முறை ஒலிக்கும்: காலை 6, நண்பகல் 12, பிற்பகல் 3, மாலை 6. மூன்று மணி ஒலியைக் கேட்கும்படி வருகையை அமைத்துக்கொள்ளலாம். கடைகள் மாலை ஐந்தை ஒட்டி மூடத் தொடங்கும். பிற்பகலில் கிளம்புவோர் ஏமாறுவார்கள்.

கமகுரா: டோக்கியோ நிலையத்திலிருந்து யோகோசுகா ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சுமார் 11 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் ஊர். பலர் புத்தரைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கிதா-கமகுராவில் இறங்கி, 1253-இல் நிறுவப்பட்ட கென்சோஜி ஜென் மடத்திலிருந்து நடந்து தெற்கே வருவதே சரியான வழி. கூட்டமும் குறைவு, பாதையும் இறக்கம். கிழங்கும் டோஃபுவும் போட்ட ‘கென்சின்’ சூப் இந்த மடத்தில் பிறந்தது என்பது வழக்கு. மடத்துச் சமையலில் அது முழுச் சைவம். வெளிக் கடைகளில் தாஷியைக் கேட்டே வாங்க வேண்டும்.

கமகுராக் கடற்கரையில் உணவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நம் ஊர்களில் வட்டமிடும் அதே கள்ளப்பருந்து, பின்பக்கத்திலிருந்து ஓசையின்றிப் பாய்ந்து கையிலுள்ளதைப் பறித்துச் செல்லும். நகம் பட்டுக் காயமும் ஏற்படும். கூரைக்கு அடியிலோ சுவரோரமாக முதுகை வைத்தோ உண்ண வேண்டும், குழந்தைகள் கையில் தின்பண்டம் கொடுத்து மணலில் ஓட விடக் கூடாது. கடைத்தெருவிலும் நடந்துகொண்டே உண்பதை இந்த ஊர் விரும்புவதில்லை. வாங்கிய கடை முன்னால் நின்று முடித்துவிட்டு, குச்சியையும் தாளையும் அந்தக் கடையிலேயே கொடுத்துவிடலாம்.

தகாவோ மலை: 599 மீட்டர்தான். ஷின்ஜுக்குவிலிருந்து கெயோ ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடிவாரம். தளமிட்ட முதல் பாதையில் பழக்கமில்லாதவரும் ஏறலாம். இழுவை ரயிலும் உண்டு. அரைத்த மலைக்கிழங்கு ஊற்றிய ‘தொரோரோ சோபா’ இங்கே எல்லோரும் உண்பது. சிறிய மலை என்று செருப்போடு பிற்பகலில் ஏறுவதே பொதுவான தவறு. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடும்.

எந்த ஊருக்குப் போனாலும் குப்பைத்தொட்டியைத் தேடி அலைய வேண்டாம்; பெரும்பாலும் இருக்காது. பையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்து வீட்டுக்கே கொண்டுவர வேண்டும்.

ரயில் சீட்டும் நாள் தேர்வும்

சுற்றுலாப் பயணிகள் வாங்கும் நாடு தழுவிய ஜேஆர் பாஸ், குறுகிய கால வருகையாளருக்கு மட்டுமே. வசிப்போர் அட்டை வைத்திருக்கும் இந்தியர் வாங்க முடியாது. ஊரிலிருந்து வரும் பெற்றோர் வாங்கலாம். வசிப்பவர்க்கு வேறு வழிகள் உண்டு. ‘செய்ஷுன் 18’ சீட்டு வசந்தம், கோடை, குளிர்காலங்களில் விற்கப்படுகிறது. பெயரில் பதினெட்டு இருந்தாலும் வயது வரம்பு இல்லை. 2024 குளிர்காலம் முதல் அது தொடர்ந்து 3 நாளுக்கோ 5 நாளுக்கோ ஒருவர் மட்டும் பயன்படுத்துவதாக மாற்றப்பட்டது. விரைவு ரயில்களிலும் ஷிங்கான்செனிலும் செல்லாது. அவசரமின்றி ஊர் ஊராக இறங்கிச் சாப்பிட்டுப் போவோருக்கு அதைவிடச் சிறந்த சீட்டு இல்லை.

தவிர்க்க வேண்டிய நாள்கள் மூன்று தொகுதிகள்: ஏப்ரல் 29-இல் தொடங்கும் பொன் வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை, டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரையான புத்தாண்டு. நாடே அப்போது நகரும். விடுதி விலை ஏறும். புத்தாண்டில் பல உணவகங்கள் மூடியிருக்கும். சம்பளத்துடன் கூடிய விடுப்பை நவம்பர் மாதச் செவ்வாய், புதன்களில் எடுப்பவர் இலைச்சிவப்பையும் காலி இருக்கைகளையும் ஒருசேரக் காண்பார்.

ஓர் இரவு: கோயசான் மடத்தில்

சைவ உணவினர் ஜப்பானில் ஒரே ஒரு நீண்ட பயணம்தான் போகலாம் என்றால் அது கோயசானாகவே இருக்க வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் கூக்கை துறவி நிறுவிய இந்த மலை மடநகரில் ஐம்பதைச் சுற்றிய மடங்கள் பயணிகளைத் தங்கவைக்கின்றன. அவை பரிமாறும் ‘ஷோஜின் ரியோரி’ மடத்து உணவில் மீனில்லை, இறைச்சியில்லை. மரபுப்படி வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. எள்ளை அரைத்துக் கூழாக்கி உறையவைத்த ‘கோமா டோஃபு’, உறைய வைத்து உலர்த்திய டோஃபு, காட்டுக் கீரைத் தெம்புரா என்று சிறு சிறு கிண்ணங்களாக வரும். தாஷி கொன்புவிலும் காளானிலும் எடுத்ததுதானா என்பதை முன்பதிவின்போதே எழுதிக் கேட்டுக்கொண்டால் நிம்மதி.

1. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து நான்காய் ரயிலில் கொக்குராகுபாஷி, அங்கிருந்து மலை இழுவை ரயில், பிறகு பேருந்து.
2. மாலை ஐந்துக்குள் மடத்தை அடைய வேண்டும். இரவு உணவு ஆறு மணியை ஒட்டியே பரிமாறப்படும்; பிந்தினால் மறு ஏற்பாடு கிடையாது.
3. விடியற்காலை வழிபாட்டில் கலந்துகொள்ளலாம். காலணியும் தொலைபேசியும் வெளியே.
4. பொதுக் குளியலறையில் தொட்டிக்குள் இறங்குமுன் சோப்பிட்டு முழுதாகக் குளித்துவிட வேண்டும். சிறு துண்டைத் தொட்டித் தண்ணீரில் நனைக்கக் கூடாது.

மலை சுமார் 800 மீட்டர் உயரம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிக்கு ஏற்ற காலணி வேண்டும்.

பாதுகாப்பு

வசிப்போர் அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டம். கடவுச்சீட்டு அதற்கு ஈடாகாது. கடற்கரையில் இருக்கும்போது வலுவாகவோ நீண்ட நேரமோ நிலம் அதிர்ந்தால் சுனாமி அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏற வேண்டும். பல மொழிகளில் நிலநடுக்கம், புயல் எச்சரிக்கை தரும் ‘சேஃப்டி டிப்ஸ்’ செயலியைத் தொலைபேசியில் ஏற்றிக்கொள்ளலாம். வட ஜப்பானின் மலைப்பாதைகளில் கரடி மணியின்றி நடக்கக் கூடாது. குடித்துவிட்டு மிதிவண்டி ஓட்டுவதும் இங்கே தண்டனைக்குரிய குற்றம். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிக் கிளம்பிவிடும்.

காவல்துறை எண் 110. தீயணைப்பும் ஆம்புலன்சும் 119. அந்த எண்ணில் முதலில் கேட்பது தீயா, நோயா என்பதைத்தான். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் ‘க்யூக்யூ தெஸ்’ என்று சொல்லிவிட்டு, அருகிலுள்ள கடையின் பெயரையோ ரயில் நிலையத்தின் பெயரையோ சொல்ல வேண்டும். ஆம்புலன்சுக்குக் கட்டணம் இல்லை.